தோற்றுவிட்டு வா, சாம்பவி

ஜூன் 24, செவ்வாய்

இன்று காலை ஆஸ்பத்திரி அறையில் நின்றவர்கள்: மகள் வதனி, அவள் புருஷன் குகதாசன், குகதாசனின் தங்கை தவமலர் (இவளை ஒருவரும் வரச்சொல்லவில்லை), ரெனாட்டே என்கிற வெள்ளைக்காரத் தாதி, நான். கட்டிலில் அவர்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் அவருக்கு மூச்சு நின்றது. ரெனாட்டே போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். உயிர் வெளியே போவதற்காம், ஜெர்மனிக்காரர் வழக்கம். வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வருஷம் என்னோடு இருந்த மனிதர் புல்வெட்டும் மெஷின் சத்தத்தில் போனார். முதலில் குழறி அழுதது தவமலர். அவளுக்கு அவர் அண்ணனின் மாமன், அவ்வளவுதான். அந்த முறைக்கு அந்தக் குழறல் அதிகம்.

அங்கே நிற்காதவள் பேர்த்தி சாம்பவி. அவள் லண்டனில் இருக்கிறாள். விம்பிள்டன் போட்டிக்கு உள்ளே போகவேண்டுமென்றால், இவளைப்போலத் தரவரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முதலில் மூன்று பேரை வெல்லவேண்டும். நேற்று ஒருத்தியை வென்றாள். நாளை இரண்டாமவள். அவர் வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்ததையே நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை.

நடையில் வைத்துக் குகதாசன் சொன்னார்: "மாமி, பிள்ளைக்கு இப்ப சொல்லக்கூடாது. கேட்டாளெண்டால் அடுத்த பிளேனிலை ஏறிடுவாள்."

"ஏறட்டுமே," என்றாள் வதனி. "அப்பாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு பேர்த்தி. அவள் வராட்டில் பந்தம் பிடிக்க ஆர் இருக்கினம்?"

செத்தவரைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இல்லாவிட்டால் போகிறவருக்கு வழி இருட்டு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்கு ஆண்பிள்ளை இல்லை. வதனிக்கும் சாம்பவிக்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

இரண்டுபேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நாளைக்குத் தோப்பாள்," என்றேன். "தோத்தால் நாளையிண்டைக்கு வந்திடுவாள். வந்தாப்பிறகு நானே சொல்லுறன். அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."

நினைத்துத்தான் சொன்னேன். அவளுக்கு இருபத்தொன்பது வயது. மணிக்கட்டைத் தை மாதம்தான் வெட்டித் தைத்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை அந்த மூன்றையும் வென்று உள்ளே போயிருக்கிறாள். மற்ற எல்லா முறையும் இரண்டாமவளிடம் தோற்றாள்.

டொக்டர் வதனியை ஒதுக்கமாகக் கூட்டிப்போய் நெடுநேரம் கதைத்தார். என்னவாம் என்று கேட்டேன்.

"இருதயம்தான் அம்மா."

"உவ்வளவு நேரம் கதைச்சதுக்கு ஒரு சொல்லோ?"

"ஜெர்மன் பாஷை அப்பிடித்தான் அம்மா. நீளம்."

பின்னேரம் சாம்பவி லண்டனிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். அம்மப்பா குளிக்கிறார் என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவள் கேட்கவில்லை. "அம்மம்மா, நீங்க சாப்பிட்டனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் சாப்பிட்டேனா இல்லையா என்று இந்தப் பிள்ளை பிறந்த நாள் முதல் கேட்டதில்லை. ஓம் என்றேன்.

அவருடைய படுக்கைவிரிப்பைத் தோய்த்துப் போட்டேன். குளிர்ப்பெட்டியில் இருந்த மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.


ஜூன் 25, புதன்

வென்றுவிட்டாள். 6-4, 3-6, 6-3.

குகதாசன் கம்பியூட்டரை ரீவியில் இணைத்துவிட்டார். சாவீட்டில் ரீவி போடலாமா என்று வதனி கேட்டாள். சாவீடு என்று ஊருக்குத் தெரிந்தால்தானே என்றேன்.

மறுபக்கம் ஒரு செக் நாட்டுப் பெட்டை. பின்னல் போட்டவள், நல்ல பலம். எங்கள் பிள்ளையிடம் பலம் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. அவள் இடக்கை. சோற்றுக்கு மட்டும் வலக்கை, அது நான் அடித்துப் பழக்கியது. இடக்கைச் சேர்விஸ் வெளிப்பக்கம் வளைந்து போகும். எதிரே நிற்கிறவள் அதை எடுக்க ஓடினால் இந்தப் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். பிறகு அந்தப் புறங்கை வெட்டு. மற்றவர்கள் இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றி அடிக்கிற இடத்தில் இவள் ஒரு கையால் பந்துக்குக் கீழே வெட்டுவாள். செம்மண் தரையில் அது எழும்பி நின்று அடி வாங்கும். புல்லில் எழும்பாது, பாம்பு மாதிரிச் சறுக்கும். பின்னல்காரி முழங்காலை மடித்து மடித்துக் களைத்துப்போனாள்.

பதினான்கு வயதில் சாம்பவி ஜெர்மனி முழுக்க நடந்த சிறுவர் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். அணிக்குப் பிள்ளைகளை எடுக்க வந்த மனிதன் பச்சைக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். "ஆள் கட்டை. இந்த வெட்டு எங்கள் பாட்டன் காலத்து ஆட்டம். இரண்டு கையாலும் அடிக்கப் பழகிக்கொண்டு வரட்டும்" என்றான். குகதாசன் தமிழில் சொன்னபோது பாதியை மென்று விழுங்கினார், மீதியை நான் அந்த மனிதன் முகத்திலேயே பார்த்துக்கொண்டேன். அவன் பேர் எனக்குத் தெரியாது. பட்டி தெரியும். எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன்.

பழகவில்லை. அணியிலும் எடுக்கவில்லை. துருக்கியிலும் துனிசியாவிலும் ஆள் பார்க்க வராத மைதானங்களில் ஆடி ஆடித்தான் இருபத்துநான்கு வயதில் உலகத்தில் தொண்ணூற்றொன்றாவது ஆளானாள். இப்போது இருநூற்றுக்கு வெளியே.

பின்னேரம் எடுத்தாள்.

"அம்மம்மா, மட்ச் பாத்தனீங்களா?"

"பாத்தன். ரெண்டாவது செற்றிலை உன்ரை ரெண்டாம் சேர்விஸுக்கு என்ன பிடிச்சது? கிழவி கோலத்துக்குப் புள்ளி வைச்ச மாதிரி வைச்சுக்கொண்டு நிண்டாய்."

சிரித்தாள். "ஊவேயும் அதைத்தான் சொன்னவர்." ஊவே அவளுடைய பயிற்சிக்காரன். "சாப்பிட்டனீங்களா?"

"ஓம்."

இன்றும் அவரைக் கேட்கவில்லை.


ஜூன் 26, வியாழன்

அடக்கம் செய்து வைக்கிறவர், லாங்கே என்று பேர், வீட்டுக்கு வந்தார். கறுப்புக் கோட்டு, மெல்லிய குரல். கோப்பி வேண்டாம், தேத்தண்ணி வேண்டாம், தண்ணீர் மட்டும் குடித்தார். குகதாசன் மொழிபெயர்த்தார்.

"மாமி, பத்து நாளுக்குள்ளை எரிக்கவேணுமாம். சட்டமாம். கடைசி நாள் அடுத்த வெள்ளி."

"அப்ப வெள்ளியே வை எண்டு சொல்லும் தம்பி."

"முன்னுக்கே இடம் இருக்காம். திங்கள்—"

"வெள்ளி."

லாங்கே எழுதிக்கொண்டார். பிறகு பந்தத்தைப் பற்றிக் கேட்டோம். அவர் கையை விரித்தார். எரிக்கிற கட்டடத்துக்குள் நெருப்புக் கொண்டுவரக்கூடாதாம்.

"எரிக்கிற இடத்திலை நெருப்புக் கூடாதோ?" என்றேன்.

குகதாசன் அதை மொழிபெயர்க்கவில்லை. லாங்கேயிடம் பற்றரியில் எரிகிற மெழுகுவர்த்தி இருக்கிறதாம், பலரும் அதைத்தான் வாங்குகிறார்களாம். சரி என்றேன். பிடிக்கிற கை எங்கள் கையாக இருந்தால் போதும்.

லாங்கே காலணி போடும்போது ரீவியில் சத்தம் கேட்டது. 7-5, 6-2. மூன்றாமவளையும் வென்றுவிட்டாள். சாம்பவி புல்லில் குந்தி முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு எழும்பாமல் இருந்தாள். உள்ளே போய்விட்ட சந்தோஷம் என்று குகதாசன் சொன்னார். வதனி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அவள் எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

இனித் திங்கள்வரை வரமாட்டாள்.


ஜூன் 27, வெள்ளி

தவமலர் முகநூலில் போட்டுவிட்டாள். அவருடைய படம், கீழே இரண்டு கை கும்பிடுகிற படம், ஒரு ரோசாப்பூ, "எங்கள் அன்பு மாமாவை இழந்தோம்". கனடாவில் இருக்கிற என் தங்கச்சி மகள் பார்த்துவிட்டு வதனிக்கு எடுத்தாள்.

நான் பஸ் ஏறித் தவமலர் வீட்டுக்குப் போனேன். மடிப்புக் கலையாத சேலை. செத்தவீட்டுக்காரி மற்றவர் வாசல் ஏறக்கூடாது. ஏறினேன்.

"மாமி, நீங்கள் வரக்கூடாதெல்லே!"

"வரப்பண்ணினது நீ. எடு அதை."

"மனசு கேக்கேல்லை மாமி, அதுதான் போட்டனான். எண்பது பேர் கவலை தெரிவிச்சிருக்கினம்."

"உனக்கு மனசு கேக்காட்டில் கோயிலுக்குப் போ. எடு."

"சாம்பவி எங்கை மாமி முகநூல் பாக்கப்போறாள், அவளுக்கு நேரம்—"

"இரண்டாயிரத்து ஒன்பதிலை அவள் முட்டி உடைஞ்சு படுத்திருக்கேக்கை, 'பெட்டைப்பிள்ளைக்கு உது தேவையோ, கலியாணத்துக்கு நொண்டியாய் நிக்கப்போறாள்' எண்டு சமையல்கட்டிலை நிண்டு சொன்னனி. பச்சை உடுப்புப் போட்டிருந்தாய். கையிலை வடை. நான் மறக்கேல்லை. இதையும் மறக்கமாட்டன். எடு."

அழுதுகொண்டே எடுத்தாள். அவளுடைய மகள்கள் இருவரும் அறைவாசலில் நின்று என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

வரும் வழியில் வெங்காயம் வாங்கினேன்.


ஜூன் 28, சனி

மழை. அவருடைய செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. வதனி இரண்டு தரம் அதைத் தாண்டிப் போனாள்.


ஜூன் 30, திங்கள்

விம்பிள்டன் முதல் சுற்று. 6-3, 6-4. தோற்றவள் ஒரு அவுஸ்திரேலியாக்காரி. தோற்பாள் என்று எங்கள் வீட்டில் மூன்றுபேரும் நினைத்தது சாம்பவியைத்தான்.

நான் அவளை ஆயிரம் ஆட்டம் பார்த்திருக்கிறேன். இப்படி ஆடிப் பார்த்ததில்லை. முன்பெல்லாம் ஒரு பந்தை விட்டால் வானத்தைப் பார்ப்பாள், தன்னோடு ஜெர்மனில் பேசுவாள், ராக்கெட்டைத் தொடையில் அடிப்பாள். இப்போது ஒன்றும் இல்லை. பந்தை விட்டாலும் அதே முகம், எடுத்தாலும் அதே முகம். அடிக்கு அடி அவசரம் இல்லை. அவளுடைய டிராப் பந்துக்குப் பேர் உண்டு. வெட்டுகிற மாதிரியே கை வரும், முதுகு வரும், கண்ணும் தூரத்தைப் பார்க்கும், கடைசியில் மணிக்கட்டு மட்டும் இளகும். பந்து நெற்றுக்கு அந்தப்பக்கம் செத்து விழும். அவுஸ்திரேலியாக்காரி ஏழுமுறை ஓடிவந்து ஏழுமுறையும் நின்றுவிட்டாள்.

அவர் இங்கே ஒரு ரெனிஸ் கிளப்பில்தான் பத்தொன்பது வருஷம் வேலை செய்தார். காலையில் செம்மண்ணைக் கூட்டி, தண்ணீர் அடித்து, வெள்ளைக் கோடுகளைத் துடைக்கிற வேலை. வதனி வேலைக்குப் போனதால் பிள்ளையை அவரோடு அனுப்பினோம். மழைநாளில் பிள்ளை உள்ளே பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருக்கும். நான் செய்தது அந்தச் சிவப்புத் தூசியைத் தோய்த்தது. எத்தனை தோய்த்தாலும் காற்சட்டை மடிப்பில் நிற்கும்.

"அம்மம்மா, சாப்பிட்டனீங்களா?"

"சாப்பிட்டன், சாப்பிட்டன். அதைத் தவிர உனக்குக் கேக்க வேறை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அம்மம்மா," என்றாள்.

ஒருவார்த்தை. அம்மப்பா எப்படி, அம்மப்பா மட்ச் பார்த்தாரா, ஒருவார்த்தை இல்லை. ஏழு வயதுவரை அவளைத் தோளில் சுமந்து திரிந்த மனிதர். பெயரும் பணமும் கிட்ட வந்தால் பிள்ளைகள் இப்படித்தான். இதை எழுதி வைக்கிறேன்.


ஜூலை 1, செவ்வாய்

ஊர்ப் பத்திரிகையில் சாம்பவியின் பெரிய படம். மேல்மாடி கிரோட்டே அம்மா பத்திரிகையோடும் கேக்கோடும் இறங்கி வந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று விரலால் தொட்டுத்தொட்டு மெதுவாகச் சொன்னாள். விளங்கினது இவ்வளவு: எல்லோரும் பலமாக அடிக்கிற காலத்தில் இந்தப் பெண் மட்டும் பந்தோடு கதைக்கிறாள், ஜெர்மனியில் இப்படி ஆடுகிறவர்கள் இனி இல்லை.

"உங்கள் கணவருக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்! எங்கே அவர்?"

"நித்திரை," என்றேன். ஜெர்மனில் எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும்.

"எழுப்பவேண்டாம், எழுப்பவேண்டாம்." விரலை வாயில் வைத்துக்கொண்டு படியேறினாள். கேக்கை அவர் எழும்பினதும் கொடுக்கச் சொன்னாள். முட்டை போட்டது. நாங்கள் ஒருவரும் தின்னவில்லை, எறியவும் இல்லை.


ஜூலை 2, புதன்

இன்று தோற்றால் நாளை வருவாள். நாளை வந்தால் வெள்ளிக்கிழமை பந்தம் பிடிப்பாள். வென்றால் மூன்றாம் சுற்று, அதுவும் வெள்ளிக்கிழமைதான். நாட்கணக்கு இவ்வளவுதான், விரல்கூட மடிக்கத் தேவையில்லை.

சாமியறைக்குப் போனேன். சாவுத் துடக்கு உள்ள வீட்டில் விளக்கு ஏற்றக்கூடாது, கும்பிடவும் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று சொன்னேன்: பிள்ளையாரே, இந்த ஒருநாள் அவளைத் தோற்கடி. அவள் பந்து பிடித்த காலம் முதல் வெல்லவேண்டும் என்று நேர்ந்தேனே, அதெல்லாத்தையும் நீ கேட்கவில்லை. இதையாவது கேள்.

வெளியே வந்தபோது குகதாசன் கதிரையில் இருந்தார். அவர் கேட்டிருப்பார். ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

எதிரே உயரமான ஹங்கேரிக்காரி. சேர்விஸ் போட்டால் பந்து கண்ணுக்குத் தெரியாது. முதல் செற் அவளுக்கு, 6-4. நல்லது என்று நினைத்தேன். இரண்டாவதில் அவள் 5-3 முன்னால் நின்றாள். நான் எழும்பிப் போய் சாம்பவியின் அறையில் விரிப்பு மாற்றினேன், நாளைக்கு வந்து படுப்பாள் என்று. திரும்பி வந்தால் 7-5 சாம்பவிக்கு.

"என்ன நடந்தது?"

"வெட்டி வெட்டிக் கூப்பிட்டாள் மாமி. அவள் நெற்றுக்கு வர வர தலைக்கு மேலாலை தூக்கிப் போட்டாள்."

மூன்றாவது 6-6. அதற்குப் பிறகு பத்துப் புள்ளி ஆட்டம். 8-9இல் ஹங்கேரிக்காரிக்கு ஒரு பந்து போதும். சாம்பவி சேர்விஸ் போட்டு, வெட்டி, பின்னுக்குப் போய், பின்னுக்குப் போய், திடீரென்று டிராப். அப்படியொரு நேரத்தில் ஒரு புத்தியுள்ளவள் டிராப் போடமாட்டாள். நெற்றில் தொட்டு அந்தப் பக்கம் விழுந்தது. 9-10இல் திரும்பவும் ஒரு பந்து போதும். திரும்பவும் டிராப். வதனி "ஐயோ" என்றாள். அது எந்த ஐயோ என்று அவளுக்கே தெரியாது.

12-10. வென்றுவிட்டாள். அங்கே சனங்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். சாம்பவி கையை உயர்த்தவில்லை. பையைக் கட்டினாள்.

நாங்கள் மூன்றுபேரும் எழும்பவில்லை. குகதாசன் ரீவியை நிறுத்திவிட்டு, "இனி எப்பிடி மாமி?" என்றார்.

"பந்தம் பிடிக்கத் தவமலரின்ரை பிள்ளையளைக் கேளும்."

இதைவிடக் கசப்பான வசனம் நான் வாயால் சொன்னதில்லை.


ஜூலை 3, வியாழன்

சாம்பவி எடுத்தாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இன்று பின்னேரம் புறப்பட்டாலும் வந்துவிடலாம்.

"பிள்ளை."

"என்ன அம்மம்மா?"

"நாளைக்கு ஆரோடை?"

"ஒரு அமெரிக்கப் பெட்டை. பதினெட்டு வயசு. நல்லா அடிப்பாள்."

"ம்."

"அம்மம்மா, நீங்க ஏதாவது சொல்லவேணுமோ?"

"சேர்விஸை நடுவுக்குப் போடாதை."

"போடமாட்டன்." பிறகு, "நாளைக்குக் குளிராம் அங்கை. கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு போங்கோ," என்றாள்.

நான் எங்கே போகப்போகிறேன் என்று அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ரெலிபோனை வைத்த பிறகுதான் யோசித்தேன். மார்க்கட்டுக்குப் போகிற நாள் வெள்ளி, அதைத்தான் சொல்லியிருப்பாள்.


ஜூலை 4, வெள்ளி

லாங்கே பெட்டியைத் திறந்து வைத்தார். அவருக்கு வேட்டி கட்டியிருந்தார்கள், ஆனால் கரை உள்ளே மடிந்துவிட்டது. நான் இழுத்துவிட்டேன். முகம் மெலிந்திருந்தது, கன்னத்தில் குழி. இந்தக் குழி எப்போது வந்தது?

ஐயர் அவசரமாகச் செய்தார். நாற்பது நிமிஷம்தான் தருவார்களாம், அடுத்த ஆள் வெளியே காத்திருக்கிறது. குகதாசன் மகனாக நின்று எல்லாம் செய்தார், அதில் ஒரு குறையும் இல்லை. வாய்க்கரிசி போட்டோம். தவமலரின் மகள்கள் இருவரும் பற்றரி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தார்கள். மூத்தவளின் மெழுகுவர்த்தி இடையில் அணைந்தது. அவள் அடியில் தட்டினாள், பற்றிக்கொண்டது.

தவமலர் இன்று குழறவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டி உள்ளே போகும்போது குகதாசனின் சட்டைப்பைக்குள் ரெலிபோன் மூன்று தரம் நடுங்கியது. ஐயர் முறைத்தார். வெளியே வந்து பார்த்தார். ஊவே எழுதியிருந்தான். 7-5, 6-4. தோற்றுவிட்டாள்.

இரண்டு நாள் பிந்தித் தோற்றாள்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகினோம். உடுப்புகளைத் தோய்த்தேன்.


ஜூலை 5, சனி

குகதாசன் விமான நிலையத்துக்குப் போனார். காரில் வைத்து ஒன்றும் சொல்லவேண்டாம், நான்தான் சொல்வேன் என்று அனுப்பினேன். மாலை போட்ட படத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். செருப்பை மட்டும் விட்டேன். எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன்.

அவள் உள்ளே வந்தாள். ராக்கெட் பையைக் கீழே வைத்தாள். சப்பாத்தைக் கழற்றி அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"படம் எங்கை அம்மம்மா?"

"என்ன படம்?"

"அம்மப்பாவின்ரை படம். விளக்கு வைக்கேல்லையோ?"

வதனி கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

"தவமலரோ சொன்னது?"

"இல்லை. ஆஸ்பத்திரியிலை இருந்து எடுத்தவை. செவ்வாய்க்கிழமை, பயிற்சிக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தனான். உடனை எனக்குச் சொன்னவை, என்ரை நம்பர்தான் அங்கை குடுத்துக்கிடக்கு."

"உன்ரை நம்பர் ஏன் அங்கை?"

சாம்பவி வதனியைப் பார்த்தாள். வதனி குனிந்தாள். "எனக்கு அந்த வெள்ளிதான் தெரியும்," என்றாள் வதனி. "அப்பா விழுந்த அண்டு. டொக்டர் சொன்னவர்."

"என்ன சொன்னவர்? இருதயம் எண்டுதானே சொன்னனி?"

சாம்பவி எனக்கு முன்னால் தரையில் இருந்தாள். தைத்த மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மாசியிலை கைக்கு ஒபரேஷன் முடிஞ்சு வீட்டிலை நிண்டனான் எல்லே. அம்மாவும் அப்பாவும் வேலை. அம்மப்பாவை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனது நான். டொக்டர் ஜெர்மனிலை சொல்ல, அவருக்குத் தமிழிலை சொல்ல அங்கை வேறை ஆள் இல்லை. எனக்கு அந்த வருத்தத்துக்குத் தமிழ்ச் சொல்லும் தெரியாது. ஈரலிலை கூடாத கட்டியாம், வெட்டி எடுக்கேலாதாம் அம்மப்பா, கோடை வரைக்கும்தானாம் எண்டு சொன்னன். அவர், டொக்டருக்கு நன்றி சொல்லு எண்டார். சொன்னன்."

மிச்சத்தையும் அவளே சொன்னாள்.

"வரேக்கை காரிலை சத்தியம் வாங்கினவர். தான் எப்ப போனாலும் நான் விளையாட்டை விட்டிட்டு வரக்கூடாதாம். பந்தம் பிடிக்கிறதெல்லாம் வேண்டாமாம். 'உன்ரை அம்மம்மா உனக்கு ஒளிப்பா. ஒளிக்கட்டும், நீ தெரியாத மாதிரி இரு. அந்த வேலை கையிலை இருந்தால் அவ விழமாட்டா' எண்டவர். அதுதான் நான் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டால் நீங்கள் பொய் சொல்லவேணும். பொய் சொல்லேக்கை உங்கடை குரல் உடைஞ்சுபோகும்."

"எனக்கேன் ஒளிச்சவர்?"

"நானும் கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

"தெரிஞ்சால் அவ என்னைப் பேசமாட்டா, ஏசமாட்டா. கும்பிட்டுக் கும்பிட்டுச் சோறு தருவா. எனக்குப் பேசுறவதான் வேணும் எண்டவர்."

வதனி அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்துவந்து வைத்தாள். சாம்பவி விளக்கை ஏற்றினாள். இடக்கையால்தான் ஏற்றினாள். நான் திருத்தவில்லை.


ஜூலை 6, ஞாயிறு

சாம்பவி இன்னும் நித்திரை. அடுத்த கிழமை தரவரிசை வருமாம், நூற்றுக்குக் கிட்ட வந்துவிடுவாளாம், ஊவே சொன்னான். வதனி கேக்கை எறிந்துவிட்டு மேல்மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கிரோட்டே அம்மா படியில் இருந்து அழுதாளாம்.

மாசியிலிருந்து ஆனிவரை ஒவ்வொரு நாளும் அவர் சோற்றுக் கோப்பையில் மிச்சம் வைத்தார். ஒவ்வொரு நாளும் பேசினேன். என் கை கசக்கிறதோ என்றேன். தவமலர் வீட்டில் போய்த் தின்னுங்கோ என்றேன். ஒருநாள் சோற்றைக் கறிவேப்பிலைக்குக் கீழே ஒதுக்கி மறைத்திருந்தார். சின்னப்பிள்ளையும் செய்யாது என்று கோப்பையைப் பறித்துக்கொண்டு போனேன். சிரித்தார். பிறஷர் என்று டொக்டர் முன்பு சொல்லியிருந்ததால் கடைசிச் சோறு வரைக்கும் உப்புப் போடவில்லை. கேட்டார், போடவில்லை. கோடைவரைதான் என்று எனக்குத் தெரிந்திருந்தால் உப்புப் போட்டிருப்பேன். மீன் பொரித்துக் கொடுத்திருப்பேன். பேசாமலும் இருந்திருப்பேன், அது அவருக்கு வேண்டாமாம்.

தவமலரோடு எனக்கு இனிக் கோபம் ஒன்றும் இல்லை, அவள் பிள்ளைகள் வந்து நின்றார்கள். வதனி இரண்டு கிழமை மறைத்தாள், போகட்டும். சாம்பவி, அந்தச் சின்ன வாயால் அந்தச் சொல்லை மொழிபெயர்க்க வைக்கப்பட்டவள், அவளிடம் நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும், அவளைப் பற்றி இங்கே எழுதியதற்கு.

புருஷன் பேரைப் பெண்சாதி சொல்லக்கூடாது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதும் இல்லை. ஆனால் நான் மன்னிக்கமாட்டேன் என்று சொன்னால் அது யாரை என்று விளங்கவேண்டும். ஆறுமுகம் தில்லையம்பலம்.